பண்டாரவளைக்கு மேலே குளிர்

ஹப்புத்தளையிலிருந்து பெரகலவுக்கு இறங்கும் பாதையோரத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேன் ஓட்டுகிற பெண் என்றால் சுபாஜினி ஒருத்திதான். அவள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவள் அல்ல. வேன் அவளுடைய கணவன் அஜந்தனுடையது. கல்யாணம், காதுகுத்து, கதிர்காம யாத்திரை, பிரசவம், பிணம் என்று எதுவாக இருந்தாலும் தோட்டத்து ஆட்கள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்து அனுப்பிய பழைய டீசல் வேன் அது. இங்கே வந்தும் இரண்டு கை மாறித்தான் அவனிடம் வந்து சேர்ந்தது. எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே இருக்கும். பின்னால் எட்டுப் பேர் உட்காரலாம், பன்னிரண்டு பேர் உட்காருவார்கள்.

சுபாஜினியும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தான். அம்மா கொழுந்து பறித்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கவுக்குப் போய் கார்மண்ட்ஸில் தையல் மெஷினுக்கு முன்னால் சில வருடம் உட்கார்ந்தாள். ஒரு தீபாவளிக்கு ஊர் வந்தபோது பண்டாரவளையில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற பெண்களை அஜந்தன் ஏற்றிக்கொண்டு வந்தான். எல்லோரையும் வாசல் வரை கொண்டுபோய் விட்டான். அவள் வீடு மேல்மலையில் இருந்தது. அங்கே வேன் ஏறாது என்று தெரிந்தும் ஏற்றப் பார்த்து, சேற்றில் மாட்டிக்கொண்டான். லயத்து ஆட்கள் வந்து தள்ள வேண்டியதாயிற்று. அப்படித்தான் பேச்சு தொடங்கிக் கல்யாணத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு அவள் கொழும்புப் பக்கம் போகவில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மகள் மேனுஷா பிறந்தாள். பெரிய கஷ்டம் என்று எதுவும் இல்லாமல் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

அஜந்தனுக்குக் கால் வீங்கத் தொடங்கியபோது நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுவதால்தான் என்று நினைத்தார்கள். பிறகு முகமும் வீங்கியது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பார்த்த டாக்டர் இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்றார். அவனுக்கு நாற்பது கூட ஆகவில்லை. இடது கையில் சிறிய ஆபரேஷன் செய்து நரம்பைத் தடிப்பாக்கினார்கள். வாரத்தில் இரண்டு நாள் அந்த நரம்பில் ஊசி குத்தி, இரத்தத்தை மெஷினுக்குள் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஏற்ற வேண்டும். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது. மெஷினிலிருந்து எழும்பிய மனிதன் ஸ்டியரிங்கைப் பிடித்து மலை ஏறவும் முடியாது.

தோட்டத்திலிருந்து பதுளைக்குப் பஸ்ஸில் போவதென்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். ஒரு மாதம் அப்படித்தான் போய் வந்தார்கள். ஒருநாள் ஹாலிஎலயில் பஸ் படியிலேயே அவனுக்கு மயக்கம் வந்தது. அன்றைக்குத்தான் சுபாஜினி, "எனக்கு வண்டி ஓட்டப் பழக்குங்க" என்றாள். தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் அவன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பழக்கினான். இருவரும் அந்த மைதானத்தில் போட்ட சண்டையை வேறு எங்கும் போட்டதில்லை. கிளட்ச்சை அவள் விடுகிற விதம் அவனுக்கு வலித்தது. அவன் நாக்கைச் சப்புக்கொட்டுகிற சத்தம் அவளுக்கு எரிந்தது. இருந்தாலும் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். முதல் தடவை அவள் வேனைச் சந்திக்கு இறக்கியபோது கடையில் நின்ற ஆட்கள் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வெளியே வந்து பார்த்தார்கள்.

காலையில் போவது பிரச்சினை இல்லை. திரும்பி வருவதுதான் பிரச்சினை. பதுளை பள்ளத்தில் கிடக்கிற ஊர், மத்தியானம் வேர்க்கும். ஆனால் மெஷினிலிருந்து எழும்பி வருகிறவனுக்கு அந்த வெயிலிலேயே உடம்பு நடுங்கும். தெமோதரை வளைவுகளில் ஏறும்போது சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான். பண்டாரவளை தாண்டி ஹப்புத்தளைக் காற்றுக்குள் நுழைந்ததும் பல் அடிக்கத் தொடங்கும். இரண்டு கம்பளி போர்த்தியும், சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி மடியில் வைத்தும் பார்த்தார்கள். போத்தல் தியத்தலாவை வருவதற்குள் ஆறிப்போகும். வேனில் ஹீட்டர் இருந்தது. டேஷ்போட்டில் நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட ஒரு நெம்புகோலும் இருந்தது. அதைச் சிவப்புக்குத் தள்ளினால் காற்று வரும், ஆனால் வெளியே அடிக்கிற அதே குளிர்காற்றுதான். அஜந்தன் ஓட்டிய காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பன்னிரண்டு பேர் ஏறினால் அவர்கள் விடுகிற மூச்சே வேனுக்குப் போதும். இப்போது வேனுக்குள் இருந்தது இரண்டு பேர்.

பதுளையில் அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் ராமாமிர்தம் என்கிற கடைக்காரர் படுப்பார். பதுளை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். மெஷின் ஓடும் நேரம் முழுக்க அவரும் அஜந்தனும் பழைய ரோட்டுக் கதைகள் பேசுவார்கள். ஒருநாள் அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். ராமாமிர்தம் எங்கே என்று அஜந்தன் கேட்கவில்லை. தாதியும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான்.

அதற்கு அடுத்த முறை காலையில் சுபாஜினி வேனை ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு உள்ளே வந்தபோது, அவன் சட்டை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னைக்குப் போகல" என்றான்.

"என்னா செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. போகல, அவ்வளவுதான்."

அவள் கெஞ்சினாள், திட்டினாள், மேனுஷாவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாள். பிள்ளை அப்பாவின் காலடியில் நின்று அழுதது. அவன் பிள்ளையின் தலையைத் தடவினானே தவிர எழும்பவில்லை. அடுத்த நாள் கால் வீங்கியது. அதற்கும் அடுத்த நாள் படுத்தால் மூச்சு வாங்கியது, உட்கார்ந்தாலும் வாங்கியது. வாயைத் திறந்து மீன் மாதிரி இழுத்தான். பக்கத்து வீட்டுத் தினேஸும் அவளுமாக அவனைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். அவள் அன்றைக்கு ஓட்டிய ஓட்டம் அவளுக்கே சரியாக நினைவில்லை. பண்டாரவளையில் யாரோ ஒரு பொலிஸ்காரர் கை காட்டியதும், நிறுத்தாமல் போனதும் மட்டும் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவனை மீட்டுத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு நாள் கழிந்து, கஞ்சி குடிக்கும் அளவுக்குத் தெளிந்த பிறகு அவள் அவன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. செத்துப்போயிரலாம்னு நெனச்சிட்டீங்களா?"

அவன் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்படி இல்ல சுபா."

"பின்ன என்னா?"

"ஊசிக்கு நான் பயப்படல. கட்டில்ல கெடக்கிறதும் பழகிப்போச்சு. வர்ற வழிதான் முடியல. பண்டாரவளை தாண்டினதும் எலும்புக்குள்ள யாரோ பச்சத் தண்ணி ஊத்துற மாதிரி இருக்கு. வீட்டுக்கு வந்தும் அது போகாது. போயி முடியுறதுக்குள்ள மறுபடி கெளம்புற நாள் வந்துருது. அத நெனச்சாத்தான், இதெல்லாம் எதுக்குன்னு தோணுது."

 அவனுடைய சிறுநீரகத்துக்கு அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று சோதித்துப் பார்த்தாள், பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர், தாதி, மெஷின் என்று எல்லாமே அவள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தன. வழி மட்டும் அப்படி இல்லை. வழியில் ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது.

மறுநாள் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, வேனின் முன்சீட்டை மடக்கித் தூக்கினாள். அடியில் எஞ்சின் எண்ணெய்க் கறுப்பாகத் தெரிந்தது. அஜந்தன் வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

"என்னா செய்யப் போற?" என்றான்.

"ஹீட்டரப் பாக்கப் போறேன்."

"அது வேல செய்யாது. வாங்கின நாள்லேர்ந்து செய்யாது."

"ஏன் செய்யாதுன்னு யாராவது பாத்தீங்களா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தாள். ஹீட்டர் என்பது தனியாக நெருப்பு மூட்டுகிற அடுப்பு இல்லை, எஞ்சினின் சுடுதண்ணீர்தான் குழாய் வழியாகப் போய் டேஷ்போட்டுக்குள் இருக்கிற சின்னத் தண்ணீர்ப்பெட்டியைச் சூடாக்கும், மின்விசிறி அதன்மேல் காற்றை அடிக்கும் என்கிற அளவுக்கு, கைபேசியில் யாரோ சிங்களத்தில் விளக்கியதைப் பார்த்து வைத்திருந்தாள். அப்படியானால் முதலில் எஞ்சின் சூடாக வேண்டும். டேஷ்போட்டில் சூடு காட்டும் முள் அடிக்கோட்டுக்குச் சற்று மேலே வந்து அங்கேயே படுத்துக்கிடந்தது. நெடுநேரம் ஓடியும் அது ஏறவில்லை. எண்ணிப் பார்த்தபோது, பதுளையிலிருந்து மலை ஏறும்போது கூட அந்த முள் பாதியைத் தொட்டு அவள் பார்த்ததில்லை.

சமையலறையிலிருந்து பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, வேனின் முன்வாய்க்குள் ரேடியேட்டரை மறைத்துச் செருகினாள். குளிர்காற்று படாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான். கொஞ்ச நேரத்தில் முள் எழும்பியது. பாதிக்கு வந்தது. ஹீட்டர் வாயில் கையை வைத்தாள். குளிர் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் சூடு இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து டேஷ்போட்டுக்குப் போகிற இரண்டு ரப்பர் குழாய்களையும் தேடிக் கண்டுபிடித்தாள். ஒன்றைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"கையால பிடிக்காத. துணி வச்சித் தொடு. சுட்டுரும்."

வாசலிலிருந்து அஜந்தனின் குரல். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவன் பேச்சை நிறுத்திவிடுவானோ என்று பயந்தாள். துணியை வைத்துத் தொட்டாள்.

"ஒண்ணு கொதிக்குதுங்க. மத்தது சும்மா வெதுவெதுன்னு இருக்கு."

"ரெண்டும் சுடணும்."

"அப்ப?"

"போற தண்ணி திரும்பி வரல. உள்ளுக்க அடைச்சிருக்கு." அவன் நாற்காலியை விட்டு எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு வேனண்டை வந்தான். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வேனுக்குள் நோயாளியாக இல்லாமல் தலையை விட்டான். "முள்ளு ஏறாததுக்கு வேற காரணம் இருக்கு. வண்டிக்கு ரெண்டு வருத்தம். ஜாபிர்கிட்ட கொண்டு போ."

ஜாபிரின் கராஜ் பெரகல சந்தியில் இருந்தது. அஜந்தனும் அவரும் நெடுநாள் கூட்டாளிகள். அவனுக்குச் சிறுநீரக வருத்தம் என்று கேள்விப்பட்ட பிறகு ஜாபிர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. அன்றைக்கு வேனிலிருந்து இறங்கிய அஜந்தனைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. சட்டென்று குனிந்து எஞ்சினைப் பார்க்கத் தொடங்கினார். சுபாஜினிக்கு அது கோபமாக வந்தது. ஆனால் அஜந்தன் ஒன்றும் நடக்காதது போல, முள் ஏறாததையும் குழாய் சுடாததையும் அவருக்குச் சொன்னான்.

ஜாபிர் எஞ்சின் ஆறும்வரை பொறுத்து, ரேடியேட்டர்க் குழாய் எஞ்சினோடு சேரும் மூடியைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுத் துழாவிவிட்டுச் சிரித்தார்.

"தேமோஸ்டேட்டே இல்ல தங்கச்சி. எவனோ கழட்டி வீசிட்டான்."

"அது இல்லாட்டி என்னா, ஜாபிர் நானா?"

"எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்குப் போக விடாம மறிக்கிற வால்வு அது. அது இல்லாட்டித் தண்ணி எந்நேரமும் சுத்திக்கிட்டே ஈக்கும், ஆறிக்கிட்டே ஈக்கும். கொழும்பு வெயிலுக்குப் பயந்து நெறையப் பேர் கழட்டிருவாங்க. இந்த மலைக்கு அது வேணும்."

புதிய வால்வு ஒன்றைப் பண்டாரவளையிலிருந்து எடுப்பித்துப் போட்டார். பிறகு ஹீட்டர்க் குழாய்கள் இரண்டையும் கழற்றி, வெளியே வருகிற வாயில் தண்ணீர்ப் பைப்பைச் செருகி, எதிர்ப்பக்கமாகத் தண்ணீரை அடித்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு செம்மண் கரைசல் போலத் துருத்தண்ணீர் கொட்டியது. துருப்பிடிக்காமல் காக்கிற கூலன்ட் ஊற்றாமல் வருடக் கணக்கில் மலையில் வழிகிற வெறும் பீலித் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டி அது. தண்ணீர் தெளியும்வரை அடித்து, குழாய்களை மாட்டி, பச்சைக் கூலன்ட் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டார்கள். முள் பாதிக்கு ஏறி நின்றது. ஹீட்டர் வாயிலிருந்து நல்ல சூட்டுக்காற்று வந்தது. சுபாஜினி இரண்டு கையையும் அதன் முன்னால் நீட்டியபடி நெடுநேரம் நின்றாள். ஜாபிர் அஜந்தனிடம், "நான் வந்து பாக்காமப் போனது பெரிய பிழைடா" என்றார். அஜந்தன், "விடு" என்றான்.

அடுத்த முறை பதுளையிலிருந்து திரும்பும்போது தெமோதரையிலேயே ஹீட்டரைப் போட்டாள். அஜந்தன் சால்வையைக் கழுத்திலிருந்து தளர்த்தினான். பண்டாரவளை தாண்டியது. பல் அடிக்கவில்லை. தியத்தலாவைப் பக்கம் வந்தபோது அவன், "என்னமோ பாகு காச்சின மாதிரி வாசம் வருது" என்றான். அவளுக்கும் வந்தது. இனிப்பாக, மூக்கில் ஒட்டுகிற வாசம். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சூட்டை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

ஹப்புத்தளையில் மூடுபனி இறங்கியிருந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தாள். டவுனைத் தாண்டி இறக்கத்தில் விழுந்த பிறகு கண்ணாடி மங்கத் தொடங்கியது. வைப்பரைப் போட்டாள், தெளியவில்லை. மங்கல் உள்பக்கம் இருந்தது. துணியால் துடைத்தாள். எண்ணெய் தடவிய மாதிரி இழுபட்டு இன்னும் மோசமானது. ஹீட்டர் வாய்களிலிருந்து மெல்லிய புகை போல ஆவி வந்து கண்ணாடியில் படிந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு ஹார்ன் சத்தம். பஸ் எந்தப் பக்கம் வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம் என்பது மட்டும் தெரியும்.

"எனக்கு ரோடு தெரியலிங்க."

"பயப்படாத. பிரேக்க மெதுவாப் பிடி. ஓரமா வா." அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். மூடுபனியும் தூறலும் அவன் முகத்தில் அடித்தன. "இன்னுங் கொஞ்சம் எடது பக்கம். ஓரத்துல தண்ணிக் கான் இருக்கு, கிட்டப் போகாத. இப்ப நேரா. நேரா. நிப்பாட்டு."

பஸ் அவளுடைய கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி உறுமிக்கொண்டு போனது. வேன் நின்றதும் அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டாள். அஜந்தன் ஹீட்டர் நெம்புகோலை நீலத்துக்குத் தள்ளி மூடினான். "ஹீட்டர் உள்பெட்டி ஓட்டை. துருதான் ஓட்டைய அடைச்சிக்கிட்டு இருந்திருக்கு. கழுவினதும் தொறந்துருச்சு. கூலன்ட் கலந்த சுடுதண்ணி ஆவியா வந்து கண்ணாடியில அடிக்குது. அந்தப் பாகு வாசமும் அதுதான். ஜன்னல் எல்லாத்தையும் தொற. தொறந்துட்டே போவோம்."

"ஒங்களுக்குக் குளிருமே."

"குளிரட்டும். ரோடு தெரியணும்ல."

எல்லா ஜன்னலையும் திறந்து, வழியெல்லாம் துணியால் துடைத்துத் துடைத்து, வேனை வீடு கொண்டு சேர்த்தாள். அஜந்தன் நனைந்துபோயிருந்தான். முன்பைவிட மோசமாக நடுங்கினான். அவனைப் படுக்கவைத்து, இருக்கிற துணியெல்லாம் போர்த்தி, அடுப்படியில் நின்று சத்தம் வராமல் அழுதாள். இனி இவன் பதுளைக்கு வரவே மாட்டான் என்று நினைத்தாள். தேத்தண்ணீர் கொண்டுபோனபோது போர்வைக்குள்ளிருந்து அவன் பேசினான். பல் அடித்ததில் சொற்கள் துண்டு துண்டாக வந்தன.

"ஜாபிருக்குப் போன் போடு. ஹாலிஎலயில பழைய வண்டி ஒடைக்கிற எடத்துல இதே மாதிரி வேன் ஒண்ணு நிக்கிது. நான் பாத்திருக்கேன். அதோட பெட்டி நல்லா இருக்கான்னு கேக்கச் சொல்லு. வர்ற தடவ போகும்போதே எடுத்துருவோம்."

வர்ற தடவ என்று அவன் வாயால் சொன்னது அவளுக்குக் கேட்டது.  கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

அடுத்த தடவை போனபோது ஹாலிஎலயில் உடைந்து கிடந்த வேனிலிருந்து எடுத்து வந்த பெட்டியை ஜாபிர் வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, காற்றடித்துப் பார்த்தார். குமிழி வரவில்லை. ஆனால் அதைப் போடுவதற்கு டேஷ்போட் முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் வயர்கள் குடல் சரிந்த மாதிரித் தொங்கின. சுபாஜினிக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. இந்த வேன் மறுபடி ஓடாவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். அஜந்தன் கராஜ் வாசலில் ஒரு பழைய சீட்டில் சாய்ந்துகொண்டு, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்தது என்று ஜாபிருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். மீண்டும் மாட்டும்போது, ஹீட்டர்த் தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வை இழுக்கும், உக்கிப்போயிருந்த நெம்புகோல் கம்பி அறுந்துவிட்டது. வேறு கம்பி அன்றைக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நாள் பதுளைக்குப் போயாக வேண்டும். ஜாபிர் ஹீட்டர் வால்வைத் திறந்த நிலையிலேயே கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். இனி அதை மூட முடியாது.

பதுளைக்குப் போகும்போது அது வேறு கூத்தாக இருந்தது. ஹாலிஎலக்கு இறங்கியதும் வெளியே வெயில், உள்ளே ஹீட்டர். ஜன்னல்களைத் திறந்து வைத்தும் இருவருக்கும் வேர்த்து வழிந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து முச்சக்கரவண்டிக்காரன் இவர்களை விசித்திரமாகப் பார்த்தான். அஜந்தன் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

திரும்பும்போது பண்டாரவளையில் ஜன்னல்களை மூடினார்கள். பாகு வாசம் இல்லை. கண்ணாடி தெளிவாக இருந்தது. முன்பு பஸ் வந்த வளைவில் அவள் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தாள், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. வேன் முழுக்க அடுப்படி மாதிரி கதகதப்பாக இருந்தது. அஜந்தன் இரண்டு கம்பளியையும் பின்சீட்டில் வீசியிருந்தான். இத்தனை மாதமும் இந்தப் பாதையில் அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. பல் அடிக்கிறவனால் பேச முடியாது. கேட்கிறவளுக்கும் அவனைப் பேசவைக்க மனம் வராது. அன்றைக்குத்தான் அவன் பேசினான்.

"சுபா, எனக்குப் பெறகு இந்த வண்டிய வித்துறாத."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டவங்களுக்கெல்லாம் ஹயருக்குப் போகாத. ராத்திரி வருவாங்க, குடிச்சிட்டு வருவாங்க, ஒன்னால முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள ஏத்து. நம்ம தோட்டம், கீழ்ப்பிரிவு, சந்திப் பக்கம். நெறையப் பிள்ளைக நடந்து போகுது. தாய்மாருக ஒங்கிட்ட நம்பி விடுவாங்க. பிள்ளைக் காம்பராவுல நீ வளத்த பிள்ளைகதானே எல்லாம்."

"இதப் பேசத்தான் ஹீட்டர் செஞ்சேனா நான்?" என்றாள். அவள் குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது.

அவன் ஹீட்டர் வாய்க்கு நேரே கையை நீட்டிக்கொண்டான். "இத்தன நாளும் குளிருறதத் தவிர வேற ஒண்ணும் நெனக்க முடியல. இன்னைக்குத்தான் நெனக்க முடியுது. அதான் சொல்றேன்."

 அவளுக்கு வேனை நிறுத்தி இறங்கி எங்காவது போய்விடலாம் போல இருந்தது. ஒரு லொறியை முந்தவிட்டு, ஒரு வளைவை எடுத்து, அடுத்த வளைவையும் எடுத்த பிறகுதான் அவளால் பேச முடிந்தது.

"மேல்மலைப் பிள்ளைகள என்னா செய்றது? அங்க வேன் ஏறாது."

"கோயிலடியில நிக்கச் சொல்லு. அங்க திருப்புறதுக்கு எடம் இருக்கு."

"மழ நாள்ல?"

"மழ நாள்ல ரெண்டாவது கியர்லயே எறங்கு. பிரேக்க நம்பாத."

இப்படியே வீடு வரும்வரை அவன் சொல்லிக்கொண்டு வந்தான், அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். இடையில் ஒரு தடவை அவன் கண்ணயர்ந்தபோது, ஒரு கையை எடுத்து, மடியில் கிடந்த அவனுடைய இடது கையில் வைத்தாள். தடித்த நரம்பில் இரத்தம் விர்ரென்று ஓடுவது உள்ளங்கையில் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டு கியரை மாற்றினாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் இலகுவாக இருக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் போதாது, மூன்று நாள் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருதயமும் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம். அஜந்தன் ஒருநாளும் போகாமல் இருக்கவில்லை. பதுளைப் பயணம் இல்லாத நாட்களில் சுபாஜினி விடியக்காலையில் கோயிலடியில் வேனைத் திருப்பி நிறுத்திப் பிள்ளைகளை ஏற்றுகிறாள். அவன் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும் என்று சொன்னவன் அவன்தான். பதுளைக்குப் போகிற நாட்களில் தினேஸ் முச்சக்கரவண்டியில் இரண்டு தரமாகப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறான். முடிகிற காலைகளில் அஜந்தனும் வந்து முன்சீட்டில் உட்காருவான். அவளுடைய கிளட்ச்சைப் பற்றி இப்போதும் குறை சொல்வான். பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டு வருவார்கள். அவள் ஓட்டிக்கொண்டே அவன் மூச்சு எப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.